இணைப்பில்லாத குழாய்க்கு உரிமம்

உப்பூருணியில் குழாய்வேலை பார்க்கிற அடைக்கலம், ஜொகரா பீவி வீட்டு அடுப்படிச் சுவரில், பின்னால் பைப்பே இல்லாமல் வெறும் பார்வைக்காகப் பதித்துவைத்த பித்தளைக் குழாயில் தண்ணீர் வந்தது ஒரு வைகாசி மாதத்து முற்பகலில். அப்போது அவன் கையில் டீ டம்ளர் பாதி மிச்சமிருந்தது, சுவரில் பூசிய கலவை ஈரம் காயாமல் இருந்தது, தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று, இனிமேல் நகராட்சி எல்லைக்குள் வீட்டுவேலைக்குப் போகிற குழாய்க்காரர்கள், வயரிங் ஆட்கள், பெயிண்டர்கள், ஏசி பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் உரிமம் வாங்கித்தான் வேலை செய்யவேண்டும், மீறினால் நடவடிக்கை உண்டு என்று சொல்லிக்கொண்டே திருப்பத்தில் மறைந்துபோனது.

அடைக்கலத்தை நல்ல வேலைக்காரன் என்று அந்த ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அவன் பூட்டிய இணைப்பு எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் சொட்ட ஆரம்பித்துவிடும். சணலை எத்தனை சுற்று சுற்றினாலும், டேப்பை எவ்வளவு இறுக்கினாலும், எங்கிருந்தோ ஒரு துளி ஊறிவந்து நுனியில் தொங்கும். சொட்டு அடைக்கலம் என்றுதான் அவனுக்குப் பேர். ஆனாலும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்துவிடுவான், வந்த வீட்டில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான், போகும்போது கொட்டிய மண்ணையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டுத்தான் போவான் என்பதால் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த ஊரில் குழாய் சொட்டினாலும் பெரிய நஷ்டமில்லை. நிலத்தடியில் உப்பு, வெளியூர் ஆற்றுத் தண்ணீர் எங்கிருந்தோ குழாய் வழியாகக் களைத்துப்போய் வந்து, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் கொஞ்ச நேரம் இருமிவிட்டு நின்றுவிடும். மற்ற நாட்களுக்கு லாரித் தண்ணீர்தான்.

ஜொகரா பீவியின் மகளைப் பெண்பார்க்க மறுநாள் ஆட்கள் வருவதாக இருந்தது. வீடு இன்னும் செத்துப்போன மாமியார் பேரிலேயே இருந்ததால் குடிநீர் இணைப்புக் கேட்டுப் போட்ட மனு திரும்பி வந்துவிட்டது.

"பைப்பெல்லாம் வேணாம் தம்பி. கொழாய மட்டும் சொவத்துல பதிச்சு வுட்டுரு. வர்றவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்."

"தொறந்து பாத்துட்டாங்கன்னா, ராத்தா?"

"பொண்ணு பாக்க வர்றவங்க கொழாயத் தொறந்தா பாப்பாங்க? நீ வேலையப் பாரு."

பைப்பைத் தொடாத வேலைக்கு உரிமம் எதற்கு என்று அடைக்கலமும் நினைத்தான். ஒரு சாண் ஆழம்கூட இல்லாமல் ஓட்டை போட்டு, குழாயைச் செருகி, கலவை வைத்து மெழுகிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். பித்தளையில் ஒட்டிய சிமெண்டை முந்தானையால் துடைத்த ஜொகராவின் கைபட்டுத் திருகு சற்றே திரும்பியது. தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில் ஒரு விரல் அளவு. பிறகு தெளிந்து, கட்டைவிரல் பருமனுக்கு.

அடைக்கலம் டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்து கொல்லைப்பக்கம் ஓடினான். ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கப்பால் கருவேலங்காடு, வெடித்த மண், கட்டிப்போட்ட ஒரு வெள்ளாடு. சுவரைத் தடவிப் பார்த்தான். வெயிலில் சுட்டுக் காய்ந்திருந்தது. ஆடு அவனையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது. யாருடைய தண்ணீரையோ தெரியாமல் திருடிவிட்டோம் என்ற பயம்தான் அவனுக்கு முதலில் வந்தது. ஆண்டவனை நினைத்து வரவேண்டிய பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

"மூடுங்க ராத்தா, மூடுங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தான்.

ஜொகரா கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். முகம் நனைந்திருந்தது.

"இனிக்குது தம்பி" என்றாள்.

மறுநாள் வந்த மாப்பிள்ளையின் தாயார், பலகாரம் தின்ற கையைக் கழுவ அடுப்படிக்குப் போனவர், யாரும் தடுக்குமுன் குழாயைத் திறந்தார். கையைக் கழுவினார். பிறகு ஒரு வாய் குடித்தார். அப்புறம் கூடத்துக்கு வந்து, நாள் பார்க்கலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? முதல் வாரம் ஜொகரா வீட்டு வாசலில் குடங்கள் தெருமுனை வரைக்கும் நின்றன. இரண்டாவது வாரம் குடம் வைத்திருந்தவர்களெல்லாம் கையில் ஆளுக்கொரு குழாயோடு அடைக்கலம் வீட்டு வாசலில் நின்றார்கள். நகராட்சிப் பள்ளி வாத்தியார் வீட்டிலும், வடைக்கடை அன்னக்கொடி வீட்டிலும், கூரை போடாமல் சுவர் மட்டும் எழும்பி நின்ற வீட்டிலும், யாரோ கேட்டார்களே என்று ஒரு தடவை ஆட்டுக்கொட்டில் சுவரிலும் பதித்தான். அவன் வெறுஞ்சுவரில் பதித்த குழாய் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. பைப்போடு சேர்த்துப் பூட்டிய குழாய்கள் மட்டும் முன்போலவே சொட்டிக்கொண்டிருந்தன.

அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வெந்தது. சோப்பு நுரைத்தது, உப்பூருணியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நுரையை முதன்முதலாக முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு தெருவில் ஓடின. சில நாள் குடத்தில் ஒரு இலை வந்து விழுந்தது, நீளமாக, நுனி வளைந்து, அந்தப் பக்கத்தில் யாரும் கண்டிராத மரத்தின் இலை. ஒரு நாள் அன்னக்கொடி வீட்டில் சிவந்த வாலோடு விரல் நீள மீன் ஒன்று வந்து, அதை அவள் பாட்டிலில் விட்டு வளர்த்தாள். ஜொகரா வீட்டுக் குழாய்க்கு யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொருவர் மெழுகுவத்தி ஏற்றினார். அவள் இரண்டையும் மரியாதையாகத் துடைத்துவிட்டு, "இது அடுப்படிங்க, மீன் கழுவுற எடம்" என்றாள். லாரித் தண்ணீர் விற்றவர் டாங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செங்கல் ஏற்றப் போனார். ஆடி பிறப்பதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. "என்ன அடைக்கலம், ரெண்டு நாளா எல ஜாஸ்தியா வருது", "காலையில வேகம் பத்தலையேப்பா" என்று வழியில் நிறுத்திக் குறைகூட சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

பழகாதவன் அடைக்கலம் ஒருவன்தான். கலவை பூசியதும் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அவன் வாசலுக்கு வந்துவிடுவான். உள்ளே ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்கும்போது தெருப்பக்கம் திரும்பி நின்றுகொள்வான். அந்தத் தண்ணீரில் ஒரு மடக்குகூட அவன் குடித்ததில்லை. அவன் வீட்டுச் சுவர் மொட்டையாகவே இருந்தது. அவன் மனைவி பூமயில் பக்கத்து வீடுகளில் போய்ப் பிடித்து வந்துகொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் போடுறீக. நம்ம வீட்டுக்கு ஒண்ணு போட்டா என்ன?"

"வரலைன்னா?"

"வரலைன்னா இப்பப் புடிச்சாற மாதிரி புடிச்சாந்துக்கிறேன்."

"வந்துருச்சுன்னா?"

பூமயில் குடத்தை இறக்கிவைத்தாள்.

தெருக்குழாயில் ஆள் நிற்பதில்லை என்று கண்ட நகராட்சி, அந்தத் தெருக்களுக்கு வருகிற தண்ணீரை ஊரின் மேற்கே புதிதாக எழும்பிய நகர்களுக்குத் திருப்பிவிட்டது. வால்வை மாற்றி, பழைய பைப்பைப் பிடுங்கி வேறிடத்தில் பதித்தும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் குழாய்ப் பணியாளர் சங்கத் தலைவர் தவமணி எழுதிக்கொடுத்த புகார் மேசைக்கு வந்தது. உரிமம் இல்லாத ஆள் ஊர் முழுக்க வேலை செய்கிறான், கேட்பாரில்லையா என்று.

நகராட்சிப் பொறியாளர் இமானுவேல் ஜீப்பில் வந்து இறங்கினார். மெலிந்த மனுஷர், கோபம் வராது. ஜொகராவிடம் கேட்டுக்கொண்டு குழாயைச் சுற்றிச் சுவரை உடைக்கச் சொன்னார். உள்ளே செங்கல் பொடி உலர்ந்து உதிர்ந்தது. குழாயின் பின்வாயில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் காய்ந்தபடியே வந்தது. முன்பக்கம் திறந்தால் தண்ணீர் கொட்டியது. திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு அடுப்படியிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அனுமதியில்லாத இணைப்புன்னு எழுதலாம்னு வந்தேன்" என்றார். "இணைப்பு எங்கம்மா இருக்கு?"

"எனக்கென்ன தெரியும் சார்? டீ குடிக்கிறீங்களா?"

டீ குடித்தார். அந்த டீயின் ருசி அவரை இன்னும் குழப்பியது. தண்ணீரைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை. ஆளைப் பற்றி மட்டும் ஒரு விதி பேசியது. உரிமம் இல்லாதவன் குழாய் பதித்திருக்கிறான். அவன் செய்முறைத் தேர்வுக்கு வந்து தேறவேண்டும். தேறாவிட்டால் அவன் பதித்த குழாய்கள் அத்தனையும் கழற்றப்படும், அவன்மேல் வழக்கும் உண்டு. அடைக்கலத்தை வரவழைத்து அதைச் சொல்லும்போது இமானுவேல் அவன் முகத்தைப் பார்க்காமல் உடைத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடியிருந்த பெண்களுக்கு அப்போதுதான் உறைத்தது, தெருவில் பழைய பைப்பும் இல்லை, லாரியும் இல்லை என்பது.

தவமணி மறுநாள் அடைக்கலத்தை டீக்கடையில் பிடித்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சட்டை, ஊரில் சொட்டாத இணைப்பு வேண்டுமென்றால் அவர்தான்.

"நான் உனக்கு எதிரி இல்லப்பா. பரீட்சை எழுதி, பணம் கட்டி, வருஷா வருஷம் புதுப்பிச்சுத்தான் நாங்க தொழில் பண்றோம். அது கெடக்கட்டும். நாளைக்கு உன் கொழாயில கெட்ட தண்ணி வந்து புள்ளைகளுக்கு வயித்தால போச்சுன்னா ஊரு யாரப் போயிக் கேக்கும்? கேக்க ஒரு ஆளு வேணுமில்ல, அதுக்குத்தான உரிமம்?"

இரண்டு மாதமாக அடைக்கலத்தின் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை இவர் அல்லவா வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்.

"எனக்கும் அந்தப் பயந்தான்ணே" என்றான். "கேட்டா என்ன சொல்லுவேன்? எங்கேருந்து வருதுன்னு எனக்கே தெரியாது."

தவமணி அவனுடைய டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

தேர்வு நாளன்று நகராட்சி அலுவலக முற்றம் கொள்ளவில்லை. கடைகளைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். ஜொகரா மகளோடும் சம்பந்தியம்மாளோடும் வந்திருந்தாள். பூமயில் வேப்பமரத்தடியில் நின்று சேலை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இமானுவேல் மேசை போட்டு உட்கார, சங்கத்தின் சார்பில் தவமணி பக்கத்தில் நின்றார். கேட்ட வேலை சின்ன வேலைதான்: ஒரு பைப்பை அறுத்து, நுனியில் திருகுமரை போட்டு, குழாயைப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், கசியக்கூடாது.

அடைக்கலம் மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்டச் செய்தான். இவ்வளவு கவனமாக வாழ்நாளில் அவன் செய்ததில்லை. தண்ணீரைத் திறந்தார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, மரையின் அடியில் ஒரு துளி ஊறி, தயங்கி, பருத்து, விழுந்தது.

"இன்னொரு தடவ செய்யட்டும்" என்றார் இமானுவேல். விதியில் அதற்கு இடமிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு தடவையும் சொட்டியது. மரத்தடியிலிருந்து பூமயிலின் விசும்பல் கேட்டது.

ஜொகரா முன்னால் வந்தாள். "சார், வெறுஞ்சொவத்துல போடச் சொல்லுங்க சார். அதுதான அவரு வேல?"

"விதியில வெறுஞ்சுவர் இல்லம்மா" என்றார் இமானுவேல்.

"போடட்டும் சார்" என்றார் தவமணி. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "நானும் ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

அலுவலகத்தின் சுற்றுச்சுவரைக் காட்டினார்கள். இந்தப் பக்கம் முற்றம், அந்தப் பக்கம் பஸ் போகிற ரோடு. நடுவில் எதையும் ஒளித்துவைக்க முடியாத மெல்லிய சுவர். அடைக்கலம் உளியை வைத்து அடித்தான். ஓட்டை கோணலாக விழுந்தது. குழாயைச் செருகிக் கலவை வைத்து மெழுகினான். வழக்கம்போல விலகி நடக்கத் திரும்பினான்.

தவமணி குழாயைத் திறக்கவில்லை. சுவருக்குள் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, முப்பது வருஷத் தொழில் பழக்கத்தில், குழாயின் பக்கத்தில் சுவரோடு காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அவருடைய கண்கள் மெல்லப் பெரிதாயின. ஒரு காலால் மறுகாலின் செருப்பைக் கழற்றினார், பிறகு இன்னொன்றையும். சுட்டெரிக்கிற தரையில் வெறுங்காலோடு நின்றார்.

"என்ன தவமணி? கசிவா?" என்றார் இமானுவேல்.

அவர் கையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டார். இமானுவேல் வந்து காதை வைத்தார்.

ஆறு போய்க்கொண்டிருந்தது. உப்பூருணியில் அநேகம் பேர் வாழ்நாளில் கேட்டேயிராத சத்தம், அகலமாக, அவசரமில்லாமல், பாறைகளைச் சுற்றிக்கொண்டும் மணலில் தேய்ந்துகொண்டும் சுவருக்குள்ளே ஒரு ஆறு போய்க்கொண்டிருந்தது. அதன் கரையில் யாரோ கல்லில் துணி அடித்துத் துவைத்தார்கள். எருமைகள் தண்ணீரைவிட்டு ஏறி உடம்பைச் சிலிர்த்தன. பிள்ளைகள் உயரத்திலிருந்து குதித்தன. ஒவ்வொரு குதிப்புக்கும் பின்னால் சிரிப்பு வெடித்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண்பிள்ளை யாரையோ சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டாள். பேர் சரியாகக் காதில் விழவில்லை, கூப்பிட்ட குரல் மட்டும் தண்ணீரின்மேல் நீண்டுகொண்டே வந்தது.

ஒருவர் பின் ஒருவராக வந்து காதை வைத்தார்கள். சுவரின் நீளம் முழுக்க, வாசலிலிருந்து கழிவறை மூலை வரைக்கும், பக்கத்துத் தாசில்தார் ஆபீசுக்கு வந்தவர்களும் வடைக்கடைக்காரியும் வாத்தியாரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்களும் கன்னத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் ரோட்டில் போன பஸ்ஸை, வாசல் வழியாக இதைப் பார்த்த ஓட்டுநர் நிறுத்தினார். இத்தனை பேர் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று பயணிகள் இறங்கி வந்து அவர்களும் அவர்கள் பக்கத்திலிருந்து காதை வைத்தார்கள். கைக்குழந்தைகள்கூட அழவில்லை.

அடைக்கலம் மட்டும் தூரத்தில் நின்றான். தவமணி வந்து அவன் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

"கேளுப்பா. ஓடாத. கேளு."

அவன் கேட்டான். எங்கோ இருக்கிற யாருடைய வாயிலிருந்தோ பறிக்கிறோம் என்று இத்தனை நாள் அவன் நினைத்திருந்தான். ஆனால் அந்த ஆறு அவ்வளவு பெரிதாக இருந்தது. உப்பூருணியின் குடம் அத்தனையையும் முக்கி எடுத்தாலும் கரையில் துவைக்கிறவளின் கணுக்காலில் தண்ணீர் ஒரு நூல் அளவுகூட இறங்காது. அது இவர்கள் எடுப்பதை அறியவும் அறியாமல், அறிந்தால் தடுக்கவும் தோன்றாமல், போய்க்கொண்டே இருந்தது. அவன் கன்னத்தை ஒட்டியிருந்த சுவர் வெயிலில் சுட்டது; அதற்குள்ளிருந்து குளிர்ச்சி வந்து அவன் பல்லைத் தொட்டது. அவனுக்குக் கண்ணீர் வந்தது. கையை நீட்டித் திருகைத் திறந்து, குனிந்து, வாய் வைத்துக் குடித்தான்.

வெகுநேரம் கழித்து இமானுவேல் மேசைக்குப் போனார். பேனாவை எடுத்தார். "கசிவு?"

"இணைப்புல சொட்டு இல்ல சார்" என்றார் தவமணி. "கேக்க ஆளு வேணும்னு சொன்னவன் நாந்தான். என்னமும் ஒண்ணுன்னா இவனோட சேத்து என்னையும் கேக்கட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்."

அப்படித்தான் அடைக்கலத்துக்கு உரிமம் கிடைத்தது: வெறுஞ்சுவரில் குழாய் பதிக்கலாம், எக்காரணம் கொண்டும் பைப்பைத் தொடக்கூடாது. ஊரும் தன் பங்குக்கு விதிகள் போட்டுக்கொண்டது. சுவரைப் பார்த்து யாரும் கத்தக்கூடாது, அக்கரையில் பிள்ளைகள் பயந்துவிடும். எண்ணெய்ச் சட்டியைக் குழாய்க்கு நேரே கழுவக்கூடாது. இலை வந்தால் எறியாமல் வெயிலில் உலர்த்தி வைக்கவேண்டும்; எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் வைத்தார்கள். பூமயிலின் வீட்டுச் சுவரிலும் அன்றைக்கே குழாய் ஏறியது. அவள் தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால் தினமும் கொஞ்சநேரம் காதை வைத்துக் கேட்பாள். அவன் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த உரிமம் நகராட்சி எல்லைவரைக்கும்தான் செல்லும். எல்லைக்கு அப்பால் தெற்கே, பஸ் வந்து திரும்புகிற கடைசிக் கிராமத்திலிருந்து ஐப்பசியில் ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். ஊராட்சித் தலைவி, நம்ம ஊருக்கு நாந்தான் அனுமதி, எங்கே போடணுமோ போடுங்க என்று கைப்படவே எழுதிக் கொடுத்திருந்தாள். அந்த வருஷம் அங்கே மழை எட்டிப் பார்க்கவில்லை. அடைக்கலமும் பூமயிலும் மொபெட்டில் போனார்கள். பையில் குழாய்கள் குலுங்கின. ரோட்டோரம் வரைக்கும் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள், ஒருவர் கையிலும் குடம் இல்லை. வராவிட்டால் குடத்தோடு திரும்பிப் போகிற வெட்கம் வேண்டாமென்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

சத்துணவுக் கூடத்துச் சுவரைக் காட்டினார்கள். உளியை எடுப்பதற்கு முன்னால் அவன் காதை வைத்தான். ஒன்றுமில்லை. சுவருக்குள் காய்ந்த அமைதி. இன்னும் அழுத்தி வைத்தான். பின்னால் நின்றவர்களின் முணுமுணுப்பு காதை அடைத்தது. யாரோ, இங்கெல்லாம் எங்க வரப்போகுது என்றார்கள். பூமயில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு அவனுடைய ஒரு கை, தானாக உயர்வதுபோல மெல்ல உயர்ந்தது.

"வந்துக்கிட்டிருக்கு" என்றான். "ரொம்பத் தூரத்துல வருது. யாரும் பேசாதீங்க, வழி தேடி வரட்டும்."

கிராமம் முழுதும் வெயிலில் அசையாமல் நின்றது.